தாதியாகணுமா? முதல்ல கணக்குப் புத்தகத்தை எடுங்க



போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். படிவம் ஐந்து படிக்கும் ஒரு தங்கை கைப்பேசியை நீட்டினாள். "அண்ணா, ஆறு மாசத்துல தாதியாகலாம்னு போட்டிருக்கு. முடிச்ச உடனே வேலையாம். சேரலாமா?"

நான் பொறியியல் மாணவன். ஆஸ்பத்திரி விஷயத்தில் எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பம் ஏற்கெனவே நாலாயிரம் ரிங்கிட்டும் இரண்டு வருடமும் செலவழித்துப் பதில் தெரிந்துகொண்டது. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த மாதப் பாடத்தை நான் எழுதுகிறேன்.

அக்காவின் கதை

என் பெரியம்மா மகள் கிள்ளானில் இருக்கிறார். எஸ்பிஎம் தேர்வில் மலாய், அறிவியல், வரலாறு, தமிழ்மொழி நான்கிலும் கிரெடிட். ஆங்கிலத்தில் தேர்ச்சி. கணிதத்தில் மட்டும் டி. சின்ன வயதிலிருந்தே தாதியாகணும் என்ற ஆசை. ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாதப் படிப்பு, நாலாயிரம் ரிங்கிட். சங்கிலியை அடகு வைத்துப் பெரியம்மா கட்டினார். சான்றிதழும் வந்தது, வெள்ளைச் சட்டையோடு எடுத்த படமும் வந்தது. வீட்டில் மாட்டினோம்.

அக்காவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. பதவியின் பெயர் சுகாதாரப் பராமரிப்பு உதவியாளர். இரண்டு வருடம் நன்றாக வேலை செய்தார். நோயாளிகளுக்கு அவரைப் பிடிக்கும். ஒருநாள் மாட்ரனிடம் போய், "எப்போ என்னைத் தாதியா ஏத்துவீங்க?" என்று கேட்டார். மாட்ரன் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "உட்காரும்மா. இந்தச் சான்றிதழை வச்சு நீ இருபது வருஷம் வேலை செஞ்சாலும் தாதியாக முடியாது. உனக்கு இதை யாரும் சொல்லலையா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. இந்தப் பாடத்தின் சாரமே அந்த மாட்ரன் சொன்ன ஒரு வரிதான்.

இரண்டும் வேறு வேறு

நம் நாட்டில் தாதியர் தொழிலை நிர்வகிப்பது 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டம். அதன்படி லெம்பாகா ஜுருராவாட் மலேசியா எனப்படும் மலேசியத் தாதியர் வாரியத்தில் பெயர் பதிந்தவர்தான் தாதி. பதிவு கிடைக்க வேண்டுமானால் வாரியம் அங்கீகரித்த டிப்ளோமா மூன்று வருடம் அல்லது இளங்கலைப் பட்டம் நான்கு வருடம் படித்து, வாரியத் தேர்விலும் தேற வேண்டும். பிறகு ஒவ்வோர் ஆண்டும் தொழில் செய்வதற்கான சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஆண்டு முழுக்கப் பயிற்சிப் புள்ளிகளும் சேர்த்திருக்க வேண்டும்.

உதவியாளர் வேலைக்கு இந்தப் பதிவு கிடையாது. அரசாங்க மருத்துவமனையில் இவர்களுக்குப் பெம்பந்து பெராவாத்தான் கெசிஹாத்தான் என்று பெயர், சுருக்கமாகப் பிபிகே. முன்பு அட்டெண்டன் என்று சொல்வார்கள். நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, சக்கர நாற்காலியில் எக்ஸ்ரேவுக்கு அழைத்துப்போவது, இரத்த மாதிரியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவது, எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் இவர்கள் கையில். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீங்க. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் குறைந்து தோல் புண்ணாகும். அந்தப் படுக்கைப்புண் ஆற மாதக்கணக்காகும், சில நேரம் உயிரையே எடுக்கும்.

ஆக, வேலை உயர்ந்ததுதான். ஆனால் அந்த வேலையின் உச்சியில் தாதி என்ற பதவி தானாக வந்து நிற்காது. உதவியாளர் அனுபவம் உங்கள் விண்ணப்பத்துக்கு அழகு சேர்க்கும். எஸ்பிஎம் கிரெடிட்டுக்குப் பதிலாக நிற்காது.

அப்போ உதவியாளர் வேலைக்குப் போகவே கூடாதா?

தாராளமாகப் போகலாம். குடும்பத்துக்கு வருமானம் வேணும், இல்லையென்றால் இந்தத் துறை நமக்குச் சரிவருமா என்று பார்க்கணும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. மூன்று வருடம் படித்தபிறகு இரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது என்று தெரிவதைவிட, மூன்று மாத வேலையில் தெரிவது மேல்.

எங்கே விண்ணப்பிப்பது? அரசாங்க வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் எஸ்பிஏ9 பதிவில் பெயர் கொடுத்து வைக்க வேண்டும். கிள்ளானின் தெங்கு அம்புவான் ரஹிமா, சுங்கை பூலோ, ஷா ஆலம், கோலாலம்பூர் பொது மருத்துவமனை எல்லாம் சுகாதார அமைச்சின்கீழ் வருபவை. தனியார் மருத்துவமனை, டயாலிசிஸ் மையம், முதியோர் இல்லம் எல்லாம் நேராக ஆள் எடுக்கும். அவற்றின் சொந்த அகப்பக்கத்தில் வேலை வாய்ப்புப் பகுதியைப் பாருங்கள். ஏஜென்சி வழியாகப் போவதானால் அதற்கு ஆள்பல இலாகாவின் உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? ஒரே பக்கம் போதும். படிப்பு, முதலுதவிப் பயிற்சி, நீங்கள் உண்மையாகவே பார்த்துக்கொண்ட அனுபவம். "என் பாட்டிக்குப் பக்கவாதம் வந்தபோது எட்டு மாதம் குளிப்பாட்டி, ஊட்டி, மருந்து நேரத்தைக் குறித்து வைத்தேன்" என்று ஒரு வரி இருந்தால், "நான் கடுமையாக உழைப்பவன்" என்ற பத்து வரியைவிட அது பேசும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், மலேசியச் செம்பிறைச் சங்கம் இரண்டும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. தைப்பூசத்தில் பத்துமலையில் முதலுதவிக் கூடாரத்தில் நின்றிருந்தால் அதையும் எழுதுங்கள்.

மொழிகளை மறக்காமல் எழுதுங்கள். மலாயும் ஆங்கிலமும் எல்லோரும் எழுதுவார்கள். தமிழை எழுத நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். கிள்ளானில் வார்டில் படுத்திருக்கும் ஒரு தோட்டத்துப் பாட்டி, "நெஞ்சு கரிக்குது" என்று சொல்வதற்கும் "நெஞ்சு அடைக்குது" என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தாதியிடம் எடுத்துச் சொல்ல ஒருவர் வேணும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

வேலை நேரத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். அரசாங்க வார்டில் பொதுவாகக் காலை ஷிப்ட் 7 மணி முதல் 2 வரை, மதியம் 2 முதல் 9 வரை, இரவு 9 முதல் மறுநாள் காலை 7 வரை. தனியாரில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டும் உண்டு. காலை 7 மணிக்கு எப்படி வந்து சேருவீர்கள் என்று நேர்காணலில் கேட்பார்கள். முதல் கேடிஎம் ரயில் எத்தனை மணிக்கு என்று தெரியாமல் உட்காராதீங்க.

நேர்காணலில் ஒரு தண்ணீர்க் கேள்வி

அக்காவிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. "நோயாளி தாகமாக இருக்கிறது, தண்ணி கொடும்மா என்கிறார். என்ன செய்வாய்?"

நம் வீட்டில் வளர்ந்த யாரும் உடனே, "கொடுப்பேன்" என்றுதான் சொல்வோம். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது புண்ணியம். நீர்மோர்ப் பந்தல் போடுகிற ஜனம் நாம். ஆனால் வார்டில் அந்தப் பதில் தப்பு. அவர் அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி இருப்பவராக இருக்கலாம். பக்கவாதம் வந்தவரானால் விழுங்கும் தசை பலவீனமாகி, தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடலாம். சிறுநீரக நோயாளியானால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்திருப்பார்கள். சரியான பதில்: "தாதியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்வேன். கேட்பேன். கொடுத்தால் எத்தனை மில்லி என்று எழுதி வைப்பேன்."

நல்ல மனசு மட்டும் போதாது, விவரமும் வேணும் என்று எனக்குப் புரிய வைத்தது இந்தக் கேள்விதான்.

அதேபோல, நோயாளி கீழே விழுந்து கிடந்தால் தனியாகத் தூக்காதீங்க. அவரோடு இருந்துகொண்டே தாதியைக் கூப்பிடுங்கள். ஊசி போடவோ மருந்து கொடுக்கவோ யாராவது உங்களிடம் சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். அது உங்கள் வேலை இல்லை. ஏதாவது தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அப்போதே மேலாளரிடம் புகார் செய்யுங்கள். பயந்து மறைக்கக் கூடாது. வேலையில் சேரும்போதே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா என்று பாருங்கள்.

சம்பள விஷயத்திலும் வெட்கம் வேண்டாம். 2025 ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிகளும் குறைந்தபட்சம் 1,700 ரிங்கிட் அடிப்படைச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். அதற்கு மேல் செய்தால் கூடுதல் நேரச் சம்பளம். ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் கட்டுகிறார்களா, நியமனக் கடிதம் எழுத்தில் தருகிறார்களா என்று கேளுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம்

மாட்ரன் அன்று அக்காவிடம் இன்னொன்றும் சொன்னார். "உன் ரிசல்ட்ல ஒரே ஒரு பாடம்தான் உன்னைத் தடுக்குது. போய் எழுது."

தாதியர் டிப்ளோமாவுக்கு எஸ்பிஎம்-இல் ஐந்து கிரெடிட் என்பதே நாம் குறிவைக்க வேண்டிய அளவு: மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம், வேறு இரண்டு பாடங்கள். அதோடு ஆங்கிலத்தில் தேர்ச்சி. இந்தத் தகுதி அவ்வப்போது தளர்த்தப்பட்டும் இறுக்கப்பட்டும் வந்திருக்கிறது. அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விளம்பரத்தைப் படியுங்கள், ஆனால் ஐந்துக்கே தயாராகுங்கள். அக்காவுக்கு மலாய், அறிவியல் போக மற்ற இரண்டாக வரலாறும் தமிழ்மொழியும் கைகொடுத்தன. தமிழ் எடுத்து என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அக்கா தனியார் தேர்வாளராகக் கணிதம் எழுதப் பதிந்தார். மதிய ஷிப்ட் முடிந்து வீடு திரும்பி, இரவு பத்தரைக்கு வீடியோ அழைப்பில் என்னிடம் உட்காருவார். முதல் வாரம் அழுதார். "பின்னம் எல்லாம் எனக்கு எதுக்குடா? நான் என்ன உன்ன மாதிரி இன்ஜினியரா?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை. பிறகு தாதியர் பாடப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்தபோதுதான் கண் திறந்தது.

ஒரு நோயாளிக்கு 500 மில்லி டிரிப் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். அந்தக் குழாயில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. 4 மணி நேரம் என்றால் 240 நிமிடம். வகுத்தால் 41.67. ஆக, நிமிடத்துக்கு 42 சொட்டு. வேகமாக ஏறினால் பலவீனமான இதயம் தாங்காது, நுரையீரலில் நீர் கோர்க்கும்.

இன்னொன்று. மருத்துவர் 250 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். கையில் இருக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். எவ்வளவு கொடுக்க வேண்டும்? 10 மில்லி. ஐந்தாம் ஆண்டுக் கணக்குதான். ஆனால் 0.5 என்று எழுத வேண்டியதைப் புள்ளி விட்டு 5 என்று எடுத்தால் பத்து மடங்கு மருந்து ஒரு குழந்தையின் உடம்புக்குள் போய்விடும். என் தேர்வில் புள்ளி தவறினால் எனக்கு இரண்டு மதிப்பெண் போகும். அவ்வளவுதான்.

இதைக் காட்டியபிறகு அக்கா அழவில்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, "இது எந்த நோயாளி?" என்று கேட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார். அடுத்த ரிசல்ட்டில் கணிதம் சி பிளஸ். இப்போது டிப்ளோமா இரண்டாம் வருடம் படிக்கிறார். வயது 23. வகுப்பில் மற்றவர்களைவிட நாலு வயது மூத்தவர். ஆனால் படுக்கை விரிப்பு மாற்றுவதில் அவரை யாராலும் முந்த முடியவில்லையாம்.

கல்லூரியில் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி

ஒன்று: இது வாரியம் அங்கீகரித்த தாதியர் டிப்ளோமாவா, அல்லது பராமரிப்புச் சான்றிதழா? மலேசியத் தகுதி நிர்ணய ஆணையத்தின் பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. படிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

இரண்டு: படித்து முடித்தால் தாதியர் வாரியத் தேர்வில் உட்கார முடியுமா? இதற்கு "ஆமாம்" அல்லது "இல்லை" என்றுதான் பதில் வர வேண்டும். "வேலை கேரண்டி" என்பது பதில் இல்லை.

மூன்று: செய்முறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில்? பெயர் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்துக்கு வழி: சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் இடம் கிடைத்தால் படிக்கும்போதே உதவித்தொகை உண்டு. தனியாரில் அங்கீகாரம் பெற்ற படிப்புக்குப் பிடிபிடிஎன் கடன் கேட்கலாம். சில மருத்துவமனைகள் செலவை ஏற்றுக்கொண்டு, முடித்தபின் இத்தனை வருடம் எங்களிடம் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் போடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாதியில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பக்கத்தை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து படித்தபிறகு கையெழுத்துப் போடுங்கள்.

தம்பிகளே, இது பெண்கள் வேலை என்று பக்கத்தைப் புரட்டாதீங்க. ஆண் தாதியர் இருக்கிறார்கள். 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெறும் உதவி மருத்துவ அதிகாரி என்ற தொழிலும் இருக்கிறது. நம் தாத்தாக்களைக் கேளுங்கள். ரப்பர் தோட்டத்தில் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் முதலில் ஓடியது டிரெஸரிடம்தான். அவர்களுக்கென்றே 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. அதனால் இந்த வேலை நமக்குப் புதுசு இல்லை.

"அந்த வேலைக்கா போற?"

கடைசியாக ஒரு கசப்பான விஷயம். அக்கா உதவியாளராகச் சேர்ந்தபோது உறவினர் ஒருவர், "மத்தவங்க மலம் மூத்திரம் அள்ளுற வேலைக்கா பொண்ணை அனுப்புறீங்க?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் அந்த அறையில் இருந்தேன், ஒன்றும் பேசவில்லை. என் மனசிலும் அதே எண்ணம் ஒரு மூலையில் இருந்தது.

திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளைப் படித்துப் பாருங்கள். வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர். நான்காமவரை அவர் கீழே வைக்கவில்லை, மற்ற மூவரோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறார். கோயிலில் தொண்டு என்றால் வரிசையில் நிற்கிறோம், எச்சில் இலை எடுக்கிறோம். அதே கை வார்டில் வேலை செய்தால் மட்டும் எப்படித் தாழ்ந்து போகும்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி உலகத்தில் ஏறக்குறைய 58 இலட்சம் தாதியர் பற்றாக்குறை. நம் நாட்டிலும் முதியவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். இன்றைக்கு அந்த வேலையைக் குறை சொல்லும் மாமாவையும் நாளைக்கு யாரோ ஒருவர் புரட்டிப் படுக்கவைக்கத்தான் வேண்டும்.

அந்தத் தங்கைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். "ஆறு மாசத்துல தாதியாக முடியாதும்மா. எஸ்பிஎம்முக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு? அடுத்த ஞாயிறு கணக்குப் புத்தகத்தோட வா" என்றேன். வந்தாள். கூடவே இரண்டு பேரை அழைத்து வந்தாள். வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் உட்காருகிறோம். யார் வேண்டுமானாலும் வரலாம்.

வகுப்பில் பேச, வீட்டில் செய்ய

1. 1,000 மில்லி டிரிப் 10 மணி நேரத்தில் ஏற வேண்டும். குழாயில் 15 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? உங்கள் விடை 25 என்று வரவில்லையென்றால் எந்தப் படியில் தவறினீர்கள் என்று கண்டுபிடியுங்கள்.

2. உங்கள் கண்ணில் படும் ஒரு பராமரிப்புப் படிப்பு விளம்பரத்தைக் கொண்டுவாருங்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் தொலைபேசியில் கேட்டு, வந்த பதிலை அப்படியே எழுதி வாருங்கள்.

3. உங்கள் வீட்டில் தாதியாகவோ உதவியாளராகவோ டிரெஸராகவோ வேலை செய்தவர் இருந்தால், அவருடைய முதல் நாள் வேலை எப்படி இருந்தது என்று கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கள்.